இரைப்பு நோயுள்ள குழந்தையும் அதன் காப்பாளரும்

மலைக் காற்று மார்பு நோய்க்கு நல்லது என்பது நம் நாட்டில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏற்காட்டிற்கு ஏறும் பேருந்தில், இருமும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, "மேலே போனால் சரியாகிவிடும்" என்று தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் பெற்றோரை நான் பன்முறை கண்டிருக்கிறேன். சேர்வராயன் மலையில் ஆசிரியையாக நான் பணியாற்றிய காலத்தில் அதே ஆறுதலைப் பலரும் எனக்கும் கூறினர். என் மகளுக்கு ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் உண்டு. அவளுக்கு அப்போது நான்கு வயது. என் கணவருக்கு வேலை சேலத்தில், எனக்கோ மலைமேல். பகல் முழுவதும் அவளை யாரிடம் விட்டுச் செல்வது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் மாணவர்கள், இது தாய்மார்களுக்கு உரிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டா. வகுப்பு முடிந்து வீடு திரும்பியபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுள் எத்தனையோ பேருக்கு உண்டு. அந்த நேரத்தில் நீங்களும் ஒரு காப்பாளரே.

மலைக் காற்றைப் பற்றிய கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்று ஒரு மலையூர் உண்டு. உயரம் ஏறத்தாழ 1,560 மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசநோயாளிகள் அங்கே குவிந்தார்கள். பின்னர் ஆஸ்துமா உள்ள குழந்தைகளையும் அங்கே அனுப்பினார்கள். அவர்களுள் பலருக்கு நோய் தணிந்தது. உயரம்தான் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1964-ஆம் ஆண்டை ஒட்டி ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்தில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் வீட்டுத் தூசியை ஆராய்ந்து வேறொரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு சிற்றுண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள அந்த உயிர், மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழ்ந்து, நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்கிறது. அதன் கழிவு நுண்பொடியாகக் காற்றில் கலந்து மூச்சுக் குழலுக்குள் செல்லும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரைப்பு எழுகிறது. இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. தனக்கு வேண்டிய நீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. டாவோஸில் காற்று வறண்டது. அங்கே அது பிழைக்க வழியில்லை.

ஏற்காடும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று என்று சொல்லப்படும் இடத்தில் வறட்சிக்கு எங்கே போவது? ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டிற்குள்ளேயே நடமாடும். துவைத்த துணி மூன்று நாளாயினும் உலராது. சுவரில் பூஞ்சணம் பூக்கும். உண்ணிக்கும் பூஞ்சணத்துக்கும் இதைவிட நல்ல விருந்தோம்பல் கிடையாது. ஆகவே உயரம் ஒன்றாக இருந்தும், ஓர் ஊருக்குப் பொருந்துவது மற்றோர் ஊருக்குப் பொருந்தவில்லை. நகரத்து வண்டிப் புகையிலிருந்து விடுபட்டு மலைக்கு வந்த சில குழந்தைகள் நலமடைவதும் உண்மையே. மலை யாருக்கு நல்லது என்பதை அந்தந்தக் குழந்தையின் மார்புதான் சொல்ல வேண்டும்.

இனி, மார்புக்குள் நடப்பது யாது? பப்பாளி இலையின் காம்பு உள்ளே குழலாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் ஊதி விளையாடாத பிள்ளைகள் நம் நாட்டில் குறைவு. அந்தக் காம்பின் வழியாக மட்டும் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்த்தால் இரைப்பின் துன்பம் ஓரளவு விளங்கும். நம் மூச்சுக் குழல் மார்பினுள் மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து மிக நுண்ணிய கிளைகளாக முடிகிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு அக்கிளைகளின் உட்சுவர் எப்போதும் சிறிது வீங்கியே இருக்கிறது. தூசியோ புகையோ குளிர்காற்றோ சளிக்காய்ச்சலோ வந்து தீண்டியவுடன், கிளைகளைச் சுற்றியுள்ள தசைநார் இறுகுகிறது. சுவர் மேலும் வீங்குகிறது. கோழை சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது. இங்கே பௌதிக மாணவர்களுக்கு ஒரு செய்தி. குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்று செல்வதற்கு உண்டாகும் தடை இரண்டு மடங்கு அன்று, பதினாறு மடங்கு ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புவாஸேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்ட விதி இது. குழந்தையின் குழலோ இயல்பிலேயே குறுகியது. பெரியவர்கள் சிறிது இருமிவிட்டுத் தாங்கிக்கொள்ளும் வீக்கம், குழந்தையை மூச்சுக்குத் தவிக்க வைப்பது இதனால்தான். காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே அதற்கு அரிதாகிறது. 'உய்' என்ற ஓசை மூச்சு வெளிவரும்போதே மிகுதியாகக் கேட்பதும் இதனால்தான்.

குழந்தைகளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இம்மலைக்குப் புதியது அன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பி வந்தபின் அதைப் பறிக்கும் பெண்களும் வந்தார்கள்; பெண்களோடு கைக்குழந்தைகளும் வந்தன. பழம் பறிக்கும் பெண் முதுகில் குழந்தையைச் சுமந்துகொண்டு சரிவில் நின்று எத்தனை நேரம் வேலை செய்ய முடியும்? இலங்கைத் தோட்டங்களில் இதற்கென்றே 'பிள்ளைக்காம்பரா' என்று ஓர் அறை இருந்தது. நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. 1981-இல் செய்த திருத்தம், இருபது குழந்தைகள் இருந்தாலே போதும் என்று ஆக்கிற்று. அறையில் வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறிற்று. இச்சட்டம் பிற்பாடு 2020-ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்புகளுள் ஒன்றில் இணைக்கப்பட்டது. ஆனால் சேர்வராயன் மலையில் சிறு தோட்டங்கள் பல; பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திற்கு இவ்விதி எட்டாது. அத்தகைய வீடுகளின் குழந்தைகளுக்குப் புகலிடம் அங்கன்வாடிகளே. பேச்சு வழக்கில் இன்றும் நாம் 'பால்வாடி' என்றே சொல்லும் அவை, 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தவை. உணவும் எடையும் தடுப்பூசியும் கவனிக்கப்படும் அவ்விடங்களில், இரைப்புள்ள ஒரு குழந்தைக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு வேண்டுமானால், பெற்றோர் சென்று பேசித்தான் அதைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் முதலில் சென்று பார்த்தது தனியார் காப்பகம் ஒன்று. அதன் பெயர் வேண்டா. தரை பளபளவென்று இருந்தது. நடத்திய அம்மையார் அன்பானவர். குழந்தைகளைக் குளிப்பாட்டியதும் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது அங்கே வழக்கம். அதைக் கூட என் மகளுக்கு விலக்கிவிட இசைந்தார். ஆனால் மருந்தைப் பற்றிக் கேட்டபோது, "மருந்து எதுவும் எங்கள் கையால் கொடுக்க மாட்டோம். அலமாரியில் பூட்டி வைத்திருப்போம், சொல்லி அனுப்பினால் நீங்கள் வந்து கொடுங்கள்" என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் நான் இருந்த பள்ளி அங்கிருந்து இரண்டு மைல். இரைப்பு எழுந்த குழந்தைக்கு முதல் பத்து நிமிடம் எவ்வளவு பெரிது என்பதை அறிந்தவள் பூட்டிய அலமாரியை நம்ப இயலாது. நன்றி கூறித் திரும்பினேன். இன்றும் என் கருத்து அதுவே: இரைப்புக் குழந்தைக்குக் காப்பகம் தேடுபவர்கள், பொம்மைகளைப் பார்ப்பதற்கு முன் மருந்து எங்கே வைக்கப்படும், அதை எடுக்க யாருக்கு உரிமை உண்டு என்று கேட்க வேண்டும்.

பிறகு கிடைத்தவர் எங்கள் வீட்டிற்கு மூன்று வீடு தள்ளி இருந்த ஓர் ஆயா. 'ஆயா' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் பாட்டி என்றும் பொருள். குழந்தை பார்ப்பவள் என்றும் பொருள். இவர் இரண்டு பொருளுக்கும் பொருந்தினார். முப்பது ஆண்டுகள் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து ஓய்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. "நான் இதுவரைக்கும் பதினோரு புள்ளைங்களைப் பார்த்துக்கிட்டேன், டீச்சரம்மா. ஒண்ணையும் கீழே போட்டதில்லை" என்று தம் தகுதியைக் கூறினார். நான் அவர் கூறியதைக் காட்டிலும் அவர் கேட்ட கேள்வியால் கவரப்பட்டேன். "பாப்பாவுக்கு இழுப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன செய்யும்?" என்று கேட்டார். வந்தபின் என்ன செய்வது என்றே எல்லோரும் கேட்பார்கள். வருவதற்கு முன் என்ன தெரியும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஏற்பாட்டின் முதற்பகுதி வீட்டைப் பற்றியது. எரிவாயு அடுப்பு அவர் வீட்டில் இருந்தது. எனினும் வெந்நீர் போடவும் குளிர் காயவும் விறகடுப்பு எரிந்தது. மலையில் அது இல்லாமல் முடியாது. அதைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றினோம். புகை அடங்கும் வரை குழந்தை முன்கட்டில் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கொசுவர்த்திச் சுருளை நீக்கி வலை கட்டினோம். இலவம்பஞ்சுத் தலையணையையும் பழைய கம்பளியையும் எடுத்துவிட்டு, பருத்தி விரிப்பு இரண்டு தைத்துக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் அவற்றை ஊறவைத்துத் துவைப்பது என் வேலை. அறுபது பாகைச் சூட்டில் சிற்றுண்ணி சாகும். குளிர்நீரில் அது குளித்துவிட்டுப் போய்விடும். வெயில் அடித்த நாளில் எல்லாவற்றையும் காயப் போட்டோம். பூஞ்சணம் பிடித்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலை அதிலிருந்து தள்ளிப் போட்டோம்.

கடினமாக இருந்தது பீடிதான். ஆயாவின் மகனுக்குப் பீடிப் பழக்கம் உண்டு. பிறர் வீட்டில், வீட்டுக்குரியவரிடம், "இங்கே புகைக்காதீர்கள்" என்று கூற எனக்கு என்ன உரிமை? சொல்லாமலும் இருக்க முடியாது. புகை காற்றில் மறைந்த பின்னும் துணியிலும் திரையிலும் தங்கிவிடும். நான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுப்பதற்குள் ஆயா மகனைப் பார்த்து, "பாப்பா இருக்கிற வரைக்கும் உன் பீடி மாட்டுக் கொட்டாயோட நிக்கட்டும்டா" என்றார். அவ்வளவுதான் வழக்கு, தீர்ந்தது.

இரண்டாம் பகுதி மருந்து. இந்நோய்க்கு இரு வகை மருந்துகள் உண்டு என்பதைக் காப்பாளர் தெளிவாக அறிய வேண்டும். ஒன்று, நாள்தோறும் தவறாமல் எடுப்பது; உட்சுவரின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகை. இதைக் காலையும் மாலையும் நானே கொடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்கச் செய்வேன். மற்றொன்று, இரைப்பு எழும்போது இறுகிய தசையைத் தளர்த்தும் சால்புட்டமால். ஆயாவின் பொறுப்பில் இருந்தது இதுவே. இரண்டையும் வாயால் உறிஞ்சும் சிறு குப்பிகளில் தருகிறார்கள். உறிஞ்சு மருந்து பழக்கத்திற்கு அடிமையாக்கும் என்று இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் மாத்திரையாகவோ சாறாகவோ விழுங்கும்போது மருந்து உடல் முழுவதும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. உறிஞ்சும்போதோ மிகச் சிறிய அளவே வேண்டிய இடத்திற்கு நேரே போய்ச் சேர்கிறது.

அளவாகப் பீச்சும் இக்குப்பி பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய பதின்மூன்று வயது மகள் சூஸிக்கு ஆஸ்துமா. அக்காலத்தில் குமிழை அழுத்தி அழுத்தி மருந்தைத் தெளித்துக்கொள்ள வேண்டும். 1955-இல் அச்சிறுமி, "தலைமயிருக்குத் தெளிக்கும் நறுமணம்போல் என் மருந்தையும் ஏன் ஒரு குப்பியில் அடைக்கக் கூடாது?" என்று தந்தையைக் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-இல், அது கடைக்கு வந்துவிட்டது. நோயுற்ற குழந்தையின் முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டதன் பயனைக் கோடிக்கணக்கானவர்கள் இன்று துய்க்கிறார்கள்.

ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்குக் குப்பியை அழுத்தும் அதே கணத்தில் மூச்சை இழுக்க வராது. மருந்து நாக்கிலேயே படிந்துவிடும். ஆகவே இடையில் ஒரு வெற்றுக்கூடு வைத்து, அதற்குள் மருந்தைப் பீச்சி, குழந்தையை இயல்பாக ஐந்தாறு முறை மூச்சுவிடச் செய்வார்கள். விலைக்கு வாங்க இயலாதவர்கள் என்ன செய்வது? 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், அரை லிட்டர் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டியின் அடியில் குப்பியின் வாய் பொருந்தும்படி துளையிட்டு, இரைப்பு முற்றிய குழந்தைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலையுயர்ந்த கூட்டிற்குச் சமமாகவே அது வேலை செய்தது. எங்கள் மருத்துவர் இதை அறிந்தவர். அவரே துளையிடக் காட்டிக் கொடுக்க, ஆயாவின் வீட்டில் இரண்டு புட்டிகள் எப்போதும் இருந்தன. துளை காற்று கசியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஆதலால் மருத்துவரிடம் காட்டாமல் யாரும் தாமே செய்துவிடலாகாது.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மருத்துவரின் கட்டளைகளை எவ்வாறு ஒப்படைப்பது? மருத்துவர் தந்த தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. சாலை விளக்கை எண்ணி அமைத்தவை. மலைமேல் ஏது சாலை விளக்கு? ஆயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காப்பிக் காய்தானே?" என்றார். "பச்சையா இருந்தா விட்டுடலாம். மஞ்சளாச்சுன்னா கண்ணு அது மேலேயே இருக்கணும். செவந்துட்டா நிக்கக் கூடாது, உடனே எடுத்துடணும்." அன்று முதல் எங்கள் வீட்டில் அது காப்பித் தாள் ஆயிற்று. குழந்தை ஓடி விளையாடினால் பச்சை. இருமல், மூக்கொழுகல், மாடிப்படியில் நின்று நின்று ஏறுதல், 'உய்' ஓசை இவை மஞ்சள். புட்டியின் வழியாக மருந்து கொடுத்து, உட்கார வைத்து, கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். ஒரு சொற்றொடரை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாமை, விலா எலும்புகளுக்கு இடையேயும் தொண்டைக் குழியிலும் தோல் உள்வாங்குதல், மூக்குத் துளை விரிதல், உதடு நீலமாதல் இவை சிவப்பு. மருந்தைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இன்னும் ஒன்று, பலரையும் ஏமாற்றுவது: கடுமையாக இரைந்த குழந்தையின் ஓசை திடீரென்று அடங்கி, ஆனால் அது சோர்ந்து கிடந்தால், நோய் தணிந்தது என்று மகிழலாகாது. ஓசை எழுப்பும் அளவிற்குக் கூடக் காற்று செல்லவில்லை என்பதே அதன் பொருள். உங்களிடம் கடிகாரம் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு நாற்பதோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது விரைந்த மூச்சு என்பது உலகச் சுகாதார நிறுவனம் தந்துள்ள அளவு. எண்ணிப் பார்க்க நீங்கள் டாக்டராக வேண்டுவதில்லை.

இரைக்கும் குழந்தையைப் படுக்க வைக்கலாகாது. நிமிர்ந்தோ சற்று முன்சாய்ந்தோ உட்கார வேண்டும். சுற்றி நின்று பதறவும் கூடாது. பெரியவர்களின் பதற்றத்தைக் கண்டு குழந்தை அழும். அழுகை மூச்சை மேலும் வாங்கும். எத்தனை முறை மருந்து பீச்சுவது என்பதை அக்குழந்தையின் மருத்துவர் தாளில் எழுதித் தர வேண்டும். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் 'நான்கு' என்ற எண்ணாகவே இதைக் கற்பித்திருக்கிறார்கள்: ஒவ்வொன்றாக நான்கு முறை மருந்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு மூச்சு, பின் நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்தல், தணியாவிட்டால் மீண்டும் அதுவே, அதற்குள் வண்டிக்கு ஆள் அனுப்பிவிடுதல்.

மூன்றாவது ஏற்பாடு ஒரு குறிப்பேடு. மாலையில் ஆயா அன்றைய செய்திகளை வாயால் சொல்ல, நான் எழுதுவேன்: இருமியதா, மருந்து கொடுத்தாரா, எங்கே விளையாடியது, வீட்டில் என்ன நடந்தது. இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஸ்பெயின் நாட்டுப் பார்ஸிலோனா நகரத்தில் 1981 முதல் 1987 வரை 26 முறை ஒரு விந்தை நேர்ந்தது. திடீரென்று ஒரே நாளில் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள், மறுநாள் ஒன்றுமில்லை. மருத்துவர்கள் அந்த நாள்களை எழுதி வைத்து, துறைமுகத்தின் கப்பல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். அந்நாள்களில் எல்லாம் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறங்கியிருந்தது. மொச்சையைக் கொட்டும் களஞ்சியத்தில் தூசி வடிகட்டி இல்லை. வடிகட்டி பொருத்தினார்கள்; கொள்ளைநோய்போல் வந்தது நின்றது. எங்கள் குறிப்பேடும் தை மாதத்தில் இப்படி ஒன்றைக் காட்டிற்று. இரைப்பு வந்த ஐந்து நாள்களுள் நான்கில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உலர்ந்த காப்பிக் கொட்டையைச் சாக்குகளில் அள்ளிக் கட்டியிருந்தார்கள். வறுக்காத காப்பிக் கொட்டையின் தூசி, அதைக் கையாளும் தொழிலாளர்களுக்கு இரைப்பை உண்டாக்கும் என்பது தொழில் மருத்துவத்தில் தெரிந்த செய்தி. முன்பு ஆமணக்கு வைத்திருந்த சாக்குகளானால் இன்னும் கொடிது. 1928-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஆமணக்கு ஆலையின் தூசி அக்கம்பக்கத்தார் பலருக்கு இரைப்பை உண்டாக்கியதாகப் பதிவு உண்டு. எங்கள் அண்டை வீட்டில் குற்றம் செய்தது கொட்டையா, சாக்கா என்று நான் அறுதியிடவில்லை. சாக்குக் கட்டும் நாளில் முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். அன்று ஆயா குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தார். பிப்ரவரியில் ஏட்டின் பக்கங்கள் பெரும்பாலும் பச்சையாகவே இருந்தன.

காப்பியைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவிற்கு வருகிறது. ஹைட் ஸால்டர் என்ற ஆங்கில மருத்துவர், தாமே ஆஸ்துமாவால் வருந்தியவர், 1860-இல் எழுதிய நூலில் இந்நோய்க்குக் கடுங்காப்பியைப் புகழ்ந்திருக்கிறார். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குச் சிறு வயதில் கடுங்காப்பி மட்டும் அன்று, சுருட்டும் மருந்தாகக் கொடுத்தார்கள்! காப்பியிலுள்ள காஃபீன் மூச்சுக் குழலைச் சிறிதளவு தளர்த்துவது உண்மையே. ஆனால் சால்புட்டமால் இருக்கும் காலத்தில் குழந்தைக்குக் காப்பி புகட்டிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவதாகும். ஆடாதோடைக்கும் இதுவே என் விடை. அதிலுள்ள வாசிசீன் என்ற பொருளைப் பின்பற்றியே புரோம்ஹெக்ஸின் என்ற கோழை அறுக்கும் மருந்தை உருவாக்கினார்கள். பாட்டிமார் அறிவு வீண்போகவில்லை. எனினும் மூச்சுத் திணறும் வேளை கஷாயம் காய்ச்சும் வேளை அன்று.

இவ்வளவு ஏற்பாடும் சோதனைக்கு உள்ளான நாள் ஒன்று வந்தது. அடுத்த கார்த்திகையில், ஐந்து நாள் விடாத மூடுபனி. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. காலை பத்து மணிக்கு மஞ்சள். ஆயா மருந்து கொடுத்தார். பதினொன்றரைக்கு மீண்டும் கொடுத்தார். கதை சொல்லும்படி கேட்கும் குழந்தை, "ஆயா... கதை..." என்று இரண்டு சொல்லுக்கு நடுவில் நின்றது. அவர் மூன்றாம் முறைக்குக் காத்திருக்கவில்லை. மகனை என் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, புட்டியோடும் தாளோடும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற்காட்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பிராணவாயுவும் நீராவியைப்போல் புகையும் மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கீழே சேலத்திற்கு அனுப்புவதே நன்று என்றார். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டி வந்தது. ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகளில் பனி நிற்கும்போது அது முப்பது கிலோமீட்டர் அன்று; ஒரு மணி நேரத்திற்கும் மேல். சமவெளியில் இருப்பவர்கள் சிவப்பைக் கண்டபின் புறப்பட்டால் போதும். மலையில் மஞ்சள் முதிரும்போதே ஒரு காலை வாசலில் வைத்திருக்க வேண்டும் என்பதை மருத்துவர் அன்று எங்கள் தாளில் தம் கையாலேயே எழுதினார். மூன்றாம் நாள் குழந்தை வீடு திரும்பிற்று. "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று ஏன் நீங்கள் இருக்கவில்லை?" என்று ஆயாவைக் கேட்டேன். "பாப்பா பேச்சு துண்டு துண்டா வந்துச்சு, டீச்சரம்மா. செவந்ததுக்கு அப்புறம் என்ன பார்க்கிறது?" என்றார்.

இத்தனை கவனமும் குழந்தையைக் கூண்டில் அடைப்பதற்கு அன்று. இரைப்பு வரும் என்று அஞ்சி ஓடாதே, குதிக்காதே என்று தடுத்துவைத்த குழந்தைக்கு உடல் வலு குன்றும். நாள்மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அது மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடலாம். வாழைப்பழமும் தயிரும் எல்லாருக்கும் பகை என்பதும் உண்மை அன்று. குறிப்பேட்டில் எந்த உணவாவது திரும்பத் திரும்பக் குற்றவாளியாக வந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அதை விலக்கலாம்.

ஐந்து வயது நிறைந்ததும் என் மகள் பள்ளிக்குச் சென்றாள். காப்பித் தாளின் படி ஒன்று வகுப்பாசிரியையிடமும் ஒன்று உடற்பயிற்சி ஆசிரியரிடமும் கொடுக்கப்பட்டது. மருந்தும் புட்டியும் அவள் பையின் முன்னறையில் இருந்தன. குப்பியில் எத்தனை முறைக்கு மருந்து மிஞ்சியிருக்கிறது, காலாவதி நாள் என்ன என்று ஞாயிறுதோறும் பார்ப்பது அவளுடைய தந்தையின் வேலை. தாளை ஆண்டிற்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்கிறோம். குழந்தை வளர வளர மருந்தின் அளவும் மாறும். பழைய தாள் ஆயா வீட்டுச் சுவரில் ஒட்டியபடியே இருந்தது. கோடை விடுமுறை நாள்களில் அவள் மீண்டும் அங்கேதான் இருப்பாள் என்பதால், அதன்மேலேயே புதிய தாளையும் ஒட்டிவிட்டு வந்தேன்.